மூன்றரை அங்குலப் புல்லி

ஹரிக்கு,

போன வாரம் நீ புதுப் பை வாங்கி வந்த நாளிலிருந்து அதை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டேன். நீ குளிக்கப் போனபோது ஒரு முறை, முடி வெட்டப் போனபோது ஒரு முறை, மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு முறை. மகனின் பையில் அம்மாக்கள் என்ன தேடுவார்கள் என்று உனக்கே ஒரு கணக்கு இருக்கும். நான் தேடியது சிகரெட்டும் இல்லை, யாருடைய போட்டோவும் இல்லை. உன் சட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்புச் சக்கரத்தைத் தேடினேன். மோட்டார் அச்சில் மாட்டும் புல்லி, மூன்றரை அங்குலம். எதைச் சொல்கிறேன் என்று இந்த வரியிலேயே உனக்குப் புரிந்திருக்கும். பதினோரு மாதம் தாமதமாக எழுதுகிறேன்.

இன்று பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். சாயந்தரம்தான் வருமாம். ஆரணியில் நம் தெரு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. எல்லாத் தறியும் நின்றுவிட்டதால் பக்கத்து வீட்டு மிக்சி மூடி உருளும் சத்தம்கூடக் கேட்கிறது. அப்பா நூல் வாங்கப் போயிருக்கிறார். நீ நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய், அல்லது அப்படிச் சொல்லிவிட்டு வேறெங்கோ. பார்த்தாயா, மன்னிப்புக் கேட்க உட்கார்ந்த கடிதத்திலும் அந்தப் புத்தி தலையை நீட்டுகிறது. அதைப் பற்றியும்தான் எழுத வேண்டும்.

நடந்ததில் உனக்குத் தெரிந்த பாதியும் எனக்குத் தெரிந்த பாதியும் வேறு வேறு. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். போன ஆடியில் அப்பா தேசூரில் உன் அத்தை வீட்டு வேலைக்காக நாலு நாள் போயிருந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பட்டுப் பாவாடைத் துணி கேட்டுக் கடைக்காரர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். நம் இரண்டு தறியும் ஓடுகிற ஓட்டத்துக்கு அந்தத் தேதியில் முடியாது என்று அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். மோட்டாரில் இருப்பது மூன்று அங்குலப் புல்லி. அதை எடுத்துவிட்டு மூன்றரை அங்குலம் மாட்டினால், மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும்போது பெல்ட் கூடுதல் தூரம் இழுபடும், தறி ஆறில் ஒரு பங்கு வேகமாக ஓடும். ஆறு நாளில் நெய்வதை ஐந்து நாளும் கொஞ்சமுமாக நெய்துவிடலாம். கல்லூரியை முடித்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, படித்த பிசிக்ஸ் முதல் முறையாக நம் வீட்டுக்கு உதவப் போகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா என்னைக் கிண்டல் செய்யும்போதெல்லாம், குழம்பில் உப்பு கூடிப்போனாலும், “பிஎஸ்சி பிசிக்ஸ்” என்பாரே, அந்த வாயை அடைத்துவிட வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. வேலையை முடித்துக் காட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முள்ளிப்பட்டிலிருந்து மெக்கானிக் பாஷா பாயைக் கூப்பிட்டேன். நீ அப்போது டிப்ளமா கடைசிப் பரீட்சைக்குப் போயிருந்தாய். வாசல் பக்கத்துத் தறியில் மட்டும் மாற்றச் சொன்னேன். அவர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “ஸ்பீடு ஏத்துறது ஈசிக்கா. நிக்க வெக்கிறதுதான் பேஜாரு,” என்றார். ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது பாய், ஒன்றும் ஆகாது என்று காலண்டர் தாளை நீட்டினேன். அதைப் பார்க்காமலேயே மாட்டிவிட்டுப் போனார். எட்டாவதோடு நின்ற அந்த மனிதர் ஒரே வரியில் சொன்னதைத்தான் மூன்று வருஷம் நான் பாடமாகப் படித்தேன். ஓடும் பொருளுக்குள் இருக்கும் ஆற்றல் வேகத்தோடு கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் ஆறில் ஒரு பங்கு ஏறினால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிவிடும். பரீட்சையில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் எழுதியிருப்பேன். பரீட்சை நம் வீட்டுத் தறிக் கொட்டகையில் நடக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

ஊடை நூலைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் நாடாவை நினைத்துப் பார். தறியின் ஒரு பக்கத்தில் கட்டை அடிக்கிறது, அது கிளம்புகிறது. கிளம்பிய பிறகு நடுவழியில் அதை யாரும் தள்ளுவதில்லை. வாங்கிய அடியை வைத்துக்கொண்டு, நேராக, எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. தானாக நிற்க அதற்குத் தெரியாது, எதிலாவது முட்டவேண்டும். அந்தப் பெட்டியின் கோடியில் இருக்கும் தோல் கொஞ்சம் அமுங்கி, அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நாடாவின் ஓட்டம் முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டம் கூடிவிட்டது, அமுங்கும் தூரம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது என்றால், தோலின் மேல் விழும் விசையும் அதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். தோல் வாங்க முடியாத மிச்சத்தை நாடாவிடமே திருப்பிக் கொடுத்துவிடும். நாடா திரும்பி வரும்.

அது திரும்பி வருகிறது என்று நீ என்னிடம் வந்து சொன்னாய். அப்பா ஊரிலிருந்து வந்த மறுநாள் சாயந்தரம் அது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். “ம்மா, நாடா பொட்டில நிக்காம திரும்பி வருது. இன்னாமோ மாறிகினு இருக்கு,” என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவுக்கும் அன்று காலையே சந்தேகம் வந்து, சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தார். இந்த நாலு நாளாகக் கரண்ட் நன்றாக வருகிறது, அதனால் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். ஊரில் எல்லோரும் நம்புகிற பொய் அது. அந்த மோட்டார் கரண்ட்டுக்கு அந்த அளவுக்கெல்லாம் வேகம் மாறாது என்று வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். படித்தவள் சொன்னதால் அப்பா நம்பினார். உன்னிடமும் அதையே சொன்னேன். நீ நம்பவில்லை. பேசாமல் போய்ப் பழைய தோலைப் பிரித்துவிட்டு, இன்னும் கனமான, மெத்தென்ற தோலை வைத்துத் தைத்தாய். இன்று யோசித்தால், அந்த நிலையில் செய்யக்கூடிய சரியான காரியம் அது ஒன்றுதான். நிற்பதற்குக் கூடுதல் தூரம் கொடுத்தாய். அது போதவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அப்பா இரண்டு தறிக்கும் நடுவில் நின்று, மற்றத் தறியில் அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் போன நாடா திரும்பி நாலு விரல் வெளியே வந்து நின்றிருக்கிறது. அடுத்த அடி கோணலாக விழுந்து, தறியைவிட்டே பறந்தது. அதன் இரும்பு முனை அப்பாவின் இடது கண்ணுக்குக் கீழே எலும்பில் இறங்கியது. ஒரு விரல் மேலே போயிருந்தால் கண். நீ ஓடிவந்து மோட்டாரை நிறுத்தியது நினைவிருக்கிறது. நீ நிறுத்திவிட்டு அந்த மோட்டாரையே ஒரு நொடி பார்த்தாய், அதுவும் நினைவிருக்கிறது. அந்த ஒரு நொடியில்தான் எனக்கு உன் மேல் பயம் வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்துப் படுக்கவைத்திருந்தபோது அப்பா கேட்டார், எப்படி நாடா வெளியே வந்தது என்று. திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தறிக்காரர் கேட்கிற கேள்விதான். என் வாயில் உண்மை இருந்தது. வெளியே வந்தது வேறு. “நேத்து சாயந்தரம் ஹரிதாங்க தோலு மாத்தினான்,” என்றேன். ஹரி, அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதைப் போலப் பொய் வேறெதையும் என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அப்பாவைப் படுக்கவைத்துவிட்டு, ஒருவரும் பார்ப்பதற்குள் புல்லியைக் கழற்றிவிட வேண்டும் என்று ஸ்பேனரோடு கொட்டகைக்குப் போனேன். மோட்டாரில் பழைய மூன்று அங்குலப் புல்லி இருந்தது. பெல்ட்டெல்லாம் சரியாக இழுத்து மாட்டியிருந்தது. தறியை யார் தொட்டது என்று கேட்டேன். நான்தான் என்றாய். என்ன செய்தாய் என்றேன். “ஒண்ணும் இல்லம்மா,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். மறுநாள் அப்பா, படுத்தபடியே, இனிமேல் நீ தறிப்பக்கம் வரவேண்டாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நீ தலையை மட்டும் ஆட்டினாய். நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன்.

நல்ல அம்மாவாக இருந்தால் அப்போது என்ன நினைத்திருக்க வேண்டும்? பிள்ளை என்னைக் காப்பாற்றிவிட்டான் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. கழற்றிய புல்லியை எங்கே வைத்திருக்கிறான், எதற்காக வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். என்றைக்காவது ஒருநாள் அதை அப்பாவின் முன்னால் வைக்கப்போகிறாய் என்றே முடிவு செய்துவிட்டேன். அன்றிலிருந்து உன்னை வேவு பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன், பைக்கின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டியில்கூடக் கையை விட்டுத் துழாவினேன். நீயும் அப்பாவும் வாசலில் நின்று மெதுவாகப் பேசினால் கைவேலையைப் போட்டுவிட்டு வருவேன். கிட்டப் போய்க் கேட்டால் கிரிக்கெட்டாக இருக்கும். நீ இன்னொரு தோசை வேண்டாம் என்றால் அதில் ஓர் அர்த்தம். வேண்டும் என்றால் அதில் இன்னோர் அர்த்தம். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று நீ வந்து சொன்ன அன்று அப்பா லட்டு வாங்கிவந்தார். அதைக் கடித்துக்கொண்டே நான், போவதற்குள் சொல்லிவிட்டுப் போவானோ என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஆறு வயதில், நம் ஊர்ப் பக்கத்துத் திருமலைக்குப் போய்விட்டு மூன்று பேரும் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓர் இறக்கத்தில் ஆடுகள் குறுக்கே வந்து, அப்பா பிரேக்கை நெடுநேரம் பிடித்து நிறுத்தினார். ஓடிய வண்டியின் ஓட்டம் எங்கே போச்சு என்று கேட்டாய். நான் உன் கையைப் பிடித்து, தொடாமல், சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கொண்டுபோய் அந்தச் சூட்டைக் காட்டினேன். ஓட்டம் காணாமல் போகாது, வேறு வேஷத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் என்று சொன்னேன். வீட்டுக்கு வரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டே வந்தாய். அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தவள்தான், நான் மறைத்த ஒன்று மறைந்தே போய்விடும் என்று பதினோரு மாதம் காத்திருந்தேன்.

நாலு நாளைக்கு முன் வாசல் பக்கத்துத் தறியில் நீளவாட்டுப் பாவு நூல் தீர்ந்தது. அப்பாவுக்கு இடுப்பில் வலி, குனிய முடியவில்லை. பாவை இழுத்துப் பிடிக்கத் தறியின் பின்னால் எடைகள் தொங்குமே, அவற்றை இறக்கித் தரச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நான் கைவைத்ததில்லை, அது அவர் வேலை. எண்ணெயும் பஞ்சும் படிந்த பழைய இரும்புத் தட்டுகள், ஒரு தேய்ந்த பல்சக்கரம், இன்னும் என்னென்னவோ ஒரே கம்பியில் கோத்திருந்தன. அவற்றுக்கு நடுவில் என்னுடைய மூன்றரை அங்குலப் புல்லி. பதினோரு மாதமும் ஒளிந்துகொள்ளாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் காலையில் நான் அதற்கு இரண்டடி தள்ளித்தான் பெருக்கிவிட்டுப் போகிறேன். சும்மா சேர்த்து மாட்டினால் பாவு கூடுதலாக இழுபடும் என்று, ஒரு தட்டைக் கழற்றி மேலே பலகையில் வைத்திருந்தாய். நம்ப மாட்டாய், அந்தத் தட்டையும் புல்லியையும் தனித்தனியாகத் தராசில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரே எடை.

ஆனால் அதைக் கையில் எடுத்தபோதே இன்னொன்று உறைத்தது. இந்தப் பதினோரு மாதத்தில் எத்தனையோ பாவு மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எடைகளை இறக்கி ஏற்றியது அப்பா. இதை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் பாவு மாற்றும்போதே பார்த்தேன் என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா நீ அவன உண்டு இல்லன்னு ஆக்கிடுவ. புள்ள ஜல்தியா நெய்யட்டும்னு எதோ போட்டுட்டான், அப்புறம் பயந்துகினு இங்க மறைச்சி வெச்சிக்கிறான்னு உட்டுட்டேன்.”

ஹரி, நீ என்னைக் காப்பாற்ற மாட்டிவைத்ததே உனக்கு எதிரான சாட்சியாகத் தொங்கியிருக்கிறது. உன்னை என்னிடமிருந்து காப்பாற்ற அப்பா வாயைத் திறக்கவில்லை. என்னை நானே காப்பாற்றிக்கொள்ள நானும் திறக்கவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒரே இரும்பை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்திருக்கிறோம்.

“அவன் போடலீங்க. நான் போட்டேன்,” என்றேன். பாஷா பாய், காலண்டர் தாள், கரண்ட் பொய், ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாவற்றையும் அந்தத் தறிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவர் புதுப் பாவின் இழைகளை முடிந்துகொண்டே இருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் ஒரு சாண் அகலத்துக்கு முடிந்தார். “பிஎஸ்சி பிசிக்ஸ்” என்று சொல்வாரோ என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடிபட்டதிலிருந்தே அந்தக் கண்ணில் நீர் வடிகிறது, அதனால் அது எந்த நீர் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

“பதினோரு மாசம் அவன தறிகிட்ட சேக்கலியே நானு.”

நாளைக்கு நீ போகிற இடத்தில் நம் தறியைவிடப் பத்து மடங்கு பெரிய இயந்திரங்கள் இருக்கும். அம்மாவாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எது ஓடினாலும், அது எந்தக் கோட்டில் ஓடுகிறதோ அந்தக் கோட்டில் நிற்காதே. அது உன்னைப் பார்த்து ஒதுங்காது. கொஞ்சம்தான் வேகம் கூட்டியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால், எத்தனை மடங்கு என்று கேட்டு, அந்த மடங்கை அதாலேயே பெருக்கிப் பார். உன் பைக்குக்கும் இதேதான்; இரண்டு மடங்கு வேகத்தில் போனால் நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும், ஓசூர் ரோட்டில் அந்தத் தூரத்தை யாரும் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். ஒரு சத்தம் மாறினால் கேள். பதில் சொல்கிறவர் படித்தவராக இருந்தால் இரண்டு முறை கேள். உன் சொந்த அம்மாவாக இருந்தாலும் மோட்டாரைப் போய்ப் பார்த்துவிட்டு வா. சந்தேகப்படுவது தப்பில்லை. இயந்திரத்தைச் சந்தேகப்படு, கணக்கைச் சந்தேகப்படு. நான் அதையெல்லாம் நம்பிவிட்டு, உன்னைச் சந்தேகப்பட்டேன்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. அந்தப் புல்லியை நீ ஏரியில் வீசியிருக்கலாம், பழைய இரும்புக்காரரிடம் போட்டிருக்கலாம். அதை ஏன் அப்பாவின் கை நிச்சயமாகப் படும் இடத்தில் மாட்டினாய்? அவர் பார்ப்பார், பார்த்தால் நீதான் என்று நினைப்பார், அதற்கப்புறம் வேறு யாரையும் தேட மாட்டார் என்று தெரிந்தேதான் மாட்டினாயா? இருபது வயதில் ஒருவனுக்கு அவ்வளவு யோசனை இருக்குமா என்று நினைக்கிறேன். தோலை மாற்றியவன், எடையைச் சமன் செய்தவன், இதை மட்டும் யோசிக்காமலா இருந்திருப்பான் என்றும் நினைக்கிறேன். பதில் எழுத வேண்டாம். எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

கடிதத்தைப் பையின் மேலாகவே வைக்கிறேன். சாயந்தரம் சார்ஜரை வைக்கும்போது கையில் படும். நாளை எட்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் அப்பா உன்னைக் கொட்டகைக்குக் கூப்பிடுவார். அவருக்கு மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது. நேற்றிலிருந்து ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். வாசல் பக்கத்துத் தறியில் நாடா பெட்டியில் நிற்கவில்லை, வந்து பாரு என்று சொல்லப்போகிறார். இன்று காலை என்னிடம் ஒத்திகை பார்த்துவிட்டார். நன்றாகத்தானே நிற்கிறது என்றேன். “நிக்கலன்னு சொல்றேன் இல்ல,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் புத்திதான் தெரியுமே, கரண்ட் போவதற்குள் போய்த் தறிப்பக்கத்தில், நாடா ஓடும் கோட்டுக்குத் தள்ளி நின்று, அது பெட்டிக்குப் போவதை நாற்பது முறை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நாடா ஒரே இடத்தில் போய் நின்றது, ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

நீ போய்ப் பார்.

அம்மா